பாங்க்ராமஃபின் என்றால் என்ன? அபாச்சி இந்தியன் வழியாக ஓர் அறிமுகம்

1996 பொங்கலுக்கு வந்த 'லவ் பேர்ட்ஸ்' படத்தின் கேசட் எங்கள் வீட்டில் நாடா தேயும் அளவுக்கு ஓடியது. மற்றவர்கள் 'மலர்களே மலர்களே' பாட்டுக்காகத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். நான் 'நோ ப்ராப்ளம்' பாட்டுக்காகக் காத்திருப்பேன். ஏ.ஆர். ரஹ்மானின் தாளத்துக்கு மேலே ஒரு குரல், பாட்டு என்றும் சொல்ல முடியாமல் பேச்சு என்றும் சொல்ல முடியாமல், மூச்சு விடாமல் பொழிந்துகொண்டே போகும். ஆங்கிலம் போலத்தான் இருக்கும், ஆனால் ஒரு வரியும் கையில் சிக்காது. யாரோ ஜமைக்காக்காரர் பாடுகிறார் என்றே நினைத்திருந்தேன். படம் பார்த்தபோது பிரபுதேவாவுடன் திரையில் வந்து நின்றவருக்கோ நம் நாட்டு முகம். பெயர் அபாச்சி இந்தியன். பஞ்சாபி வீட்டுப் பிள்ளை, பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில்.

பஞ்சாபி ஒருவர் ஏன் ஜமைக்காக்காரர் மாதிரி பாடுகிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 'பாங்க்ராமஃபின்' என்ற இசை வகை புரிந்துவிடும். கூடவே 'ஃப்யூஷன்' என்று நாம் போகிற போக்கில் சொல்லும் வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்பதும் கொஞ்சம் புரியும்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'பாங்க்ரா' பஞ்சாபின் நாட்டுப்புற ஆட்டமும் அதற்கான இசையும். 'ரகமஃபின்' என்பது கந்தலாடைச் சிறுவனைக் குறிக்கும் பழைய ஆங்கில வார்த்தை. ஜமைக்காவின் ஏழைப் பகுதி இளைஞர்கள் அதைத் தங்களுக்குப் பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள். அவர்கள் கேட்ட கணினித் தாள இசைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது, சுருக்கமாக 'ரகா'. பாங்க்ராவும் ரகமஃபினும் சேர்ந்தது பாங்க்ராமஃபின். 1990-களின் தொடக்கத்தில் அபாச்சி இந்தியனின் பாட்டுகளைக் குறிக்கவே இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது.

ஃப்யூஷன் என்றதும் ஸ்டுடியோவில் ஒருவர் உட்கார்ந்து, இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று எடுத்துக் கலப்பதாக நமக்கு ஒரு படம் மனதில் இருக்கிறது. அப்படி உருவாகும் இசையும் உண்டு. ஆனால் அபாச்சி இந்தியனின் கதையைப் படிக்கும்போது அந்தப் படம் பொருந்தவில்லை. அவர் எதையும் போய்த் தேடி எடுத்து வரவில்லை. ஏற்கெனவே கலந்து கிடந்த ஒரு தெருவில் பிறந்து, அந்தத் தெருவின் பேச்சை மைக்கில் பேசினார். என் கட்சி இதுதான்: பாங்க்ராமஃபின் முதலில் ஒரு பேச்சுமொழி, இசையாக மாறியது அதற்கு அப்புறம்.

ஹேண்ட்ஸ்வொர்த்

அபாச்சி இந்தியனின் இயற்பெயர் ஸ்டீவன் கபூர். 1967 மே 11 அன்று பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்தார். அந்த ஊரைத் தெரிந்துகொள்ளாமல் அவர் பாட்டைக் கேட்டால் பாதிதான் கேட்கும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதவில்லை. 1948-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. தொடர்ந்து ஜமைக்கா, பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து குடும்பங்கள் வந்தபடி இருந்தன. 1950-களிலும் 60-களிலும் பஞ்சாபிலிருந்தும் பெருவாரியாக வந்தார்கள். பர்மிங்காமிலும் பக்கத்து ஊரான ஸ்மெதிக்கிலும் இரும்பு வார்ப்பாலைகள் நிறைய இருந்தன. சூடும் புகையும் நிறைந்த அந்த வேலைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தயங்கியபோது பஞ்சாபிகள் போனார்கள்.

வந்தவர்களை ஊர் கைகூப்பி வரவேற்கவில்லை. குடியேறியவர்களுக்கு எதிராக இனோக் பவல் என்ற அரசியல்வாதி பேசிய, பின்னாளில் 'ரத்த ஆறுகள்' என்றே பேர் வாங்கிய உரை 1968 ஏப்ரலில் இதே பர்மிங்காமில்தான் நிகழ்ந்தது. ஸ்டீவனுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. மற்ற இடங்களில் வீடு கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களும் இந்தியக் குடும்பங்களும் ஹேண்ட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில் அடுத்தடுத்த வாசல்களில் குடியேறின. சோஹோ சாலையில் புடவைக் கடை, அருகிலேயே ஜமைக்கா சாப்பாட்டுக் கடை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே விளையாட்டு மைதானம்.

அந்த மைதானத்தில் பிள்ளைகள் என்ன மொழி பேசுவார்கள்? வீட்டில் பஞ்சாபி, வகுப்பில் ஆங்கிலம், வெளியே வந்தால் ஜமைக்காவின் பாட்வா. பாட்வா என்பது ஆங்கிலச் சொற்களும் ஆப்பிரிக்க மொழிகளின் போக்கும் சேர்ந்து உருவான ஜமைக்கா மக்களின் பேச்சுமொழி. அந்த வட்டாரத்து இளைஞர்களிடம் கெத்தாகப் பேச வேண்டும் என்றால் பாட்வாதான், தோல் நிறம் எதுவானாலும். ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைப் பாடிய 'ஸ்டீல் பல்ஸ்' குழு இந்த ஹேண்ட்ஸ்வொர்த்தில் முளைத்ததுதான். 1978-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயரிலேயே ஹேண்ட்ஸ்வொர்த் இருக்கிறது. கவிஞர் பெஞ்சமின் செஃபனையாவும் அந்தப் பகுதியில் வளர்ந்தவர். அந்த ஊர்ச் சிறுவன் ரெகே பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1985 செப்டம்பரில் ஹேண்ட்ஸ்வொர்த்திலும் அதை ஒட்டிய லொசல்ஸிலும் பெரிய கலவரம் வெடித்தது. கடைகள் எரிந்தன. எரிந்த தபால் நிலையத்துக்குள் சிக்கி ஆசிய சகோதரர்கள் இருவர் இறந்தார்கள். கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் நடுவில் பகை என்று வெளியே எழுதினார்கள். ஸ்டீவனுக்கு அப்போது 18 வயது. ஐந்தே வருடம் கழித்து அதே பகுதியிலிருந்து இரண்டு சமூகங்களும் சேர்ந்து ஆடிய ஒரு பாட்டு வந்தது என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

டோலும் சவுண்ட் சிஸ்டமும்

பாங்க்ராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நமக்கு ஓரளவு பழக்கமான சத்தம். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் சியால்கோட், குஜ்ரான்வாலா பக்கத்து அறுவடை ஆட்டம் அது, வைசாகி சமயத்தில் ஆடுவது. உயிர்நாடி டோல். நம் தவில் மாதிரி இருமுகக் கருவி, ஆனால் இரண்டு முகத்தையும் குச்சியால்தான் அடிப்பார்கள். வளைந்த தடித்த குச்சி ஒரு பக்கம், அடித்தால் நெஞ்சுக்குள் இடிக்கும். மூங்கில் ஈர்க்கு போல மெல்லிய குச்சி மறுபக்கம், சடசடவென்று பொரியும். கூடவே தும்பி என்ற ஒற்றைத் தந்திக் கருவி. திரைப்பாட்டுகளில் பஞ்சாபைக் காட்ட வேண்டும் என்றதும் 'டிங் டிடிங்' என்று ஒன்று வருமே, அதுதான்.

பிரிட்டனுக்குப் போன பஞ்சாபிகள் இதைக் கல்யாண மண்டபங்களுக்கு எடுத்துப் போனார்கள். 1970-களின் இறுதியில் லண்டனின் சவுத்ஹாலில் தோன்றிய 'ஆலாப்' குழு டோலுக்குப் பக்கத்தில் சிந்தசைசரையும் டிரம்ஸையும் வைத்தது. பர்மிங்காமில் மல்கித் சிங், 'அப்னா சங்கீத்' என்று ஒரு பட்டாளமே இருந்தது. இரவில் வெளியே போக வீட்டில் அனுமதி கிடைக்காத பிள்ளைகளுக்காகப் பகலிலேயே பாங்க்ரா நடன நிகழ்ச்சிகள் நடக்கும். 'டேடைமர்' என்று பெயர். பள்ளிச் சீருடையைப் பையில் சுருட்டி வைத்துவிட்டு ஆடிவிட்டு, சாயங்காலம் நல்ல பிள்ளையாக வீடு திரும்புவார்கள். கேசட்டுகள் மளிகைக் கடையிலும் மிட்டாய்க் கடையிலும் விற்கும். விற்பனைப் பட்டியல் தயாரிப்பவர்கள் அந்தக் கடைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் எவ்வளவு விற்றாலும் பிரிட்டனின் வெற்றிப் பட்டியலில் பாங்க்ரா இடம்பிடிக்கவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜமைக்கா பக்கத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அபாச்சி இந்தியனின் கலை அடிப்படையில் அங்கிருந்து வந்ததுதான்.

கிங்ஸ்டன் நகரத்தில் ஏழைகளுக்கு இசை என்றால் தெருவில் அடுக்கிய ராட்சத ஒலிபெருக்கிகள். அந்த ஒலிபெருக்கிகள், ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டுகள், அவற்றை இயக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்ததுக்கு 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். நம் ஊர்த் திருவிழா மைக்செட்டைப் பல மடங்கு பெரிதாக்கி, அதற்கு ஒரு பெயரும் ரசிகர் படையும் எதிரிக் குழுவும் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இங்கே புதிதாகக் கேட்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் டீஜே என்றால் பாட்டுப் போடுபவர். ஜமைக்காவில் பாட்டுப் போடுபவர் 'செலெக்டர்'. 'டீஜே' என்பவர் மைக் பிடித்து, ஓடிக்கொண்டிருக்கும் தாளத்துக்கு மேலே வார்த்தைகளை அடுக்கிப் பொழிபவர். யூ-ராய் போன்றவர்கள் 1970 வாக்கில் இதை ஒரு தனிக் கலையாக்கினார்கள். பல்லவி, சரணம் என்று மெட்டு தேவையில்லை. நகைச்சுவை, ஊர் வம்பு, உபதேசம், சவால் என எதையும் பேசலாம், தாளம் மட்டும் தப்பக் கூடாது.

பாடகருக்கு அடியில் ஓடும் அந்தத் தாளமும் பேஸ் ஒலியும் சேர்ந்த அடித்தளத்துக்கு 'ரிடிம்' என்று பெயர். ஒரே ரிடிமின் மேல் நூறு பேர் நூறு பாட்டுப் பாடலாம், யாரும் காப்பி என்று சண்டைக்கு வருவதில்லை. 1985-ல் ஒரு சிறிய கேசியோ கீபோர்டில் ஏற்கெனவே இருந்த தாளத்தை வைத்து 'ஸ்லெங் டெங்' என்ற ரிடிம் உருவானது. பெரிய வாத்தியக் குழு இல்லாமலே பாட்டுப் போடலாம் என்று ஜமைக்கா கண்டுகொண்டது அதில்தான். ரகாவின் தொடக்கம் அது. மைக்கும் நாக்கும் இருந்தால் போதும் என்ற நிலை ஹேண்ட்ஸ்வொர்த் பையனுக்கும் ஒரு கதவைத் திறந்தது. 1980-களில் அவர் உள்ளூர் சவுண்ட் சிஸ்டங்களோடு சேர்ந்து இயங்கினார். சடைமுடிகூட வளர்த்தார், பிறகு வெட்டிவிட்டார்.

கையால் தட்டிப் பாருங்கள்

இரண்டும் எப்படி ஒட்டின? அதற்கு மேசையில் தாளம் போட்டால் போதும்.

எட்டு எண்ணுங்கள், சீராக. இப்போது அந்த எட்டை 'தகிட தகிட தக' என்று சொல்லுங்கள். மூன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஓங்கித் தட்டுங்கள். 1990-களின் ரகா பாட்டுகள் பலவற்றின் எலும்புக்கூடு இதுதான்.

பாங்க்ராவின் அடிப்படை நடையான 'சால்' என்பதும் எட்டுக்குள் அடங்குவதுதான். 'தா ந ந ந, ந தா தா ந' என்று சொல்லிப் பழக்குவார்கள். 'தா' வரும் இடத்தில் தடித்த குச்சி இடிக்கும், 'ந' வரும் இடத்தில் மெல்லிய குச்சி பொரியும். ஒரு ஊஞ்சலாட்டம் இருக்கும் இதில், தோள் தானாகக் குலுங்கும்.

ஒருவர் 'தகிட தகிட தக' தட்ட, இன்னொருவர் 'தா ந ந ந' சொல்லிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்துக்குத் திரும்பும். நடுவில் மட்டும் ஒன்றை ஒன்று இடித்து நகரும். அந்த இடிதான் ஆட வைக்கிறது. ஒன்று அடிவயிற்றிலும் மற்றது தோளிலும் வேலை செய்வதாக எனக்குத் தோன்றும். வலிந்து திணிக்க வேண்டிய தேவையே இல்லாமல் இரண்டு தாளங்களும் ஒரே தொட்டிலில் படுக்கும் அளவுக்குப் பொருத்தம்.

பெயரில் இருக்கும் கதை

'அபாச்சி இந்தியன்' என்ற பெயரைப் பாருங்கள். அபாச்சி என்பது அமெரிக்கத் தொல்குடி மக்களில் ஒரு பிரிவினரின் பெயர். கொலம்பஸ் தான் வந்து சேர்ந்த இடத்தை இந்தியா என்று தப்பாக நினைத்ததால் அந்தக் கண்டத்து மக்களுக்கெல்லாம் 'இந்தியர்' என்று பெயர் விழுந்தது. ஆனால் ஸ்டீவன் கபூர் அந்தப் பெயரை நேராக அங்கிருந்து எடுக்கவில்லை. அவர் மிகவும் ரசித்த ஜமைக்கா டீஜே சூப்பர் கேட்டுக்கு 'வைல்ட் அபாச்சி' என்று பட்டப்பெயர். அவரிடமிருந்து அபாச்சி வந்தது, தன் வேரிலிருந்து இந்தியன்.

கதை அத்தோடு முடியவில்லை. சூப்பர் கேட்டின் உடம்பிலும் இந்திய ரத்தம் ஓடுகிறது. 1845-ல் தொடங்கி 1917 வரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஆங்கிலேயர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். சூப்பர் கேட்டின் குடும்பப் பெயர் மாராக். 'மகாராஜ்' தேய்ந்து அப்படியானது. ஜமைக்காவில் இன்றும் கஞ்சாவுக்கு 'கஞ்சா' என்றே பெயர், அந்தச் சொல்லும் கூலிகளோடு கப்பல் ஏறியதுதான். ஆக, பர்மிங்காம் பையன் ஜமைக்காவிடமிருந்து கடன் வாங்கிய பெயருக்கு உள்ளேயே ஒரு பழைய இந்தியா ஒளிந்திருந்தது. கலப்பு என்பது 1990-ல் தொடங்கியது இல்லை.

பாட்டுகளின் தலைப்புகளையும் இப்படித் தொட்டுப் பார்க்கலாம். 'டான் ராஜா': ஜமைக்காத் தெருவில் பெரிய மனிதரை 'டான்' என்பார்கள், நம் நாட்டில் ராஜா. இரண்டு ஊர்ப் பட்டத்தையும் ஒருவரே தலையில் வைத்துக்கொள்கிறார். 'சோக் தேர்': பஞ்சாபியில் உற்சாகமூட்டக் கத்தும் 'சக் தே' தான் இது, தூக்கு, கிளப்பு என்ற பொருளில். அதை ஜமைக்கா உச்சரிப்பில் எழுதியிருக்கிறார்கள். இப்படி இரண்டே வார்த்தைக்குள் நடக்கும் கலப்பு ஸ்டுடியோவில் திட்டமிட்டு வராது. பள்ளி மைதானத்தில் வரும்.

மூன்று வருடங்கள்

1990-ல் அவருடைய 'மூவி ஓவர் இந்தியா' பாட்டு வந்தது. 'ஒயிட் லேபிள்' முறையில்தான் முதலில் வெளிவந்தது. அதாவது நடுவில் பெயர் எதுவும் அச்சிடாத வெள்ளைத் தாளோடு, கொஞ்சம் பிரதிகள் மட்டும் அடித்துக் கடைகளுக்கும் சவுண்ட் சிஸ்டங்களுக்கும் கொடுப்பது. பிறகு 'ஜெட் ஸ்டார்' என்ற ரெகே விநியோக நிறுவனம் அதை எடுத்துப் பரப்பியது. ரெகே கேட்பவர்களும் பாங்க்ரா கேட்பவர்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் அதைக் கொண்டாடினார்கள். கவனியுங்கள், ரெகே கடைகளில் விற்றதால் இந்தப் பாட்டு மளிகைக் கடையோடு நின்றுவிடவில்லை. பாங்க்ராக் குழுக்களுக்குத் திறக்காத கதவு இவருக்குத் திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

'சோக் தேர்', 'டான் ராஜா' இரண்டும் தொடர்ந்தன. 1992-ல் ஐலண்ட் ரெகார்ட்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. பாப் மார்லியை உலகத்துக்குக் கொண்டுபோன அதே நிறுவனம். ஜமைக்கா இசையில் அதைவிடப் பெரிய அங்கீகாரம் ஒரு ஹேண்ட்ஸ்வொர்த் பையனுக்கு என்ன இருக்க முடியும்? அந்த வருடமே ரெகே பாடகர் மேக்ஸி ப்ரீஸ்ட்டுடன் 'ஃபீ ரியல்' பாடினார்.

முதல் ஆல்பம் 'நோ ரிசர்வேஷன்ஸ்' 1993-ல் வந்தது. பதிவு ஜமைக்காவில். தயாரிப்பாளர்கள் வரிசையில் பாபி டிஜிட்டல், ஸ்லை டன்பர் போன்ற ஜமைக்காவின் பெரிய கைகள். கூடவே பர்மிங்காமின் சைமன், டைமண்ட் சகோதரர்கள். (இந்தச் சகோதரர்கள்தான் பிறகு 2002-ல் ஷானியா ட்வைன் என்ற கனடா நாட்டுப் பாடகியின் ஆல்பத்துக்கு இந்திய இசை வடிவம் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள்.) ஆல்பத்தின் தலைப்பிலும் ஒரு சிலேடை: 'ரிசர்வேஷன்' என்றால் தயக்கம், அமெரிக்கத் தொல்குடிகளை அடைத்துவைத்த ஒதுக்கிடமும் ரிசர்வேஷன்தான். எங்களை எந்த வேலிக்குள்ளும் அடைக்காதே என்று நான் அதைப் படிக்கிறேன். அந்த வருடம் பிரிட்டனின் மதிப்புமிக்க மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இந்த ஆல்பம் இடம்பெற்றது. பரிசு ஸ்வேட் குழுவுக்குப் போனது.

இந்த ஆல்பத்தில் வந்த 'அரேஞ்ச்ட் மேரேஜ்' பாட்டை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1993 ஜனவரியில் பிரிட்டன் பட்டியலில் 16-ஆம் இடம் வரை போனது. கல்யாண வயது வந்துவிட்டது, எனக்கு ஜலந்தர் ஊர்ப் பெண் வேண்டும், ஜிலேபி மாதிரி இனிக்க வேண்டும், ரொட்டி சுட்டுப் போட வேண்டும் என்று பாட்வாவில் அடுக்கிக்கொண்டே போகிறார். வாக்கிய அமைப்பு ஜமைக்காவுடையது, உள்ளே இருக்கும் சாமான் எல்லாம் பஞ்சாபி அடுப்படியுடையது. கடைசியில் ஒரு சிக்கலையும் போட்டு உடைக்கிறார்: இதையெல்லாம் என் காதலியிடம் எப்போது சொல்வது?

அந்தக் கடைசிக் கேள்விதான் பாட்டின் உயிர். அதற்கு முன்பு வரை பெற்றோர் கேட்டால் சந்தோஷப்படும் பாட்டு. அந்த ஒரு வரியில் பிள்ளைகளின் பாட்டாகிவிடுகிறது. வீட்டுக்குள் ஒரு வாழ்க்கை, தெருவில் இன்னொரு வாழ்க்கை என்று இருந்த ஒரு தலைமுறை முழுவதும் அதில் தன் முகத்தைப் பார்த்தது. டேடைமருக்குச் சீருடையை ஒளித்துப் போன பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ரொட்டி சுடும் மனைவி என்ற ஆசை பழைய ஆணின் ஆசைதானே என்று கேட்டால் மறுக்க மாட்டேன். அந்தக் குறை பாட்டில் இருக்கிறது. அதே ஆல்பத்தில் எய்ட்ஸ் பற்றி ஒரு பாட்டும், குடிப்பழக்கம் பற்றி ஒரு பாட்டும் இருக்கின்றன. பஞ்சாபிக் குடும்பங்கள் வாய்விட்டுப் பேசத் தயங்கிய விஷயங்கள் அவை. ஊர்க்கதை பேசுவது டீஜேயின் வேலை என்ற ஜமைக்கா மரபை அவர் அப்படியே தன் சமூகத்துக்குக் கொண்டுவந்தார். இசையில் நடந்த கலப்பைவிட இந்தக் கலப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே வருடம் ஆகஸ்டில் 'பூம் ஷாக் எ லாக்'. பிரிட்டனில் 5-ஆம் இடம். 1994-ல் 'டம்ப் அண்ட் டம்பர்' என்ற ஹாலிவுட் படத்திலும் வந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. அவருக்குப் பெரிய வெற்றி அதுதான், ஆனால் அதில் பஞ்சாபி வாடை குறைவு. கொண்டாட்டமான நடனப் பாட்டு, அவ்வளவுதான். பாங்க்ராமஃபின் என்றால் என்ன என்று அறிய அந்தப் பாட்டிலிருந்து தொடங்கினால் வழி தவறும்.

பாட்வா பேசலாமா?

இந்தியர் ஒருவர் கறுப்பின மக்களின் மொழியையும் இசையையும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நியாயமானது. வேறு இடங்களில் இந்த மாதிரி எடுத்துக்கொள்வது திருட்டாகவும் ஆகியிருக்கிறது. அபாச்சி என்ற பெயருக்குச் சொந்தக்காரர்களான மக்களுக்கும் இதில் ஒரு வருத்தம் இருக்க நியாயம் உண்டு.

பாட்வா விஷயத்தில் எனக்குத் தெளிவு இருக்கிறது. திருச்சியில் வளர்ந்த ஒருவர் பாட்வா பேசிப் பாடினால் அது வேஷம். ஹேண்ட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவருக்கு அது நண்பர்களின் மொழி. சென்னையில் பிறந்து வளர்ந்த மார்வாடிப் பிள்ளை சரளமாக மெட்ராஸ் பாஷை பேசினால் அதை யாரும் மிமிக்ரி என்று சொல்வதில்லை. அத்தோடு, அவர் உள்ளூர் சவுண்ட் சிஸ்டங்களில் பழகி, ஜமைக்கா கலைஞர்களோடு உட்கார்ந்து பதிவு செய்தவர். கடன் வாங்கிய வீட்டுக்குத் தெரியாமல் வாங்கவில்லை.

மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால்

பிரிட்டிஷ் பஞ்சாபி இசை எல்லாமே ஒன்றுபோலக் கேட்கலாம், ஆனால் கலக்கும் முறை வேறு. 'ஆலாப்' குழுவில் பாட்டும் குரலும் பஞ்சாபிதான், வாத்தியங்கள் மட்டும் மாறின. பாலி சாகூ பழைய இந்திப் பாட்டுகளை எடுத்துப் புதுத் தாளத்தில் உட்கார வைத்தார், அது ரீமிக்ஸ். கவென்ட்ரியின் பஞ்சாபி எம்சி, லாப் ஜன்ஜுவாவின் குரலுக்கு அடியில் 'நைட் ரைடர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இசைத் துணுக்கை ஓட்டினார். 'முண்டியான் தோ பச் கே' என்ற அந்தப் பாட்டு 1990-களின் இறுதியில் உருவாகி, 2003 தொடக்கத்தில் பிரிட்டனில் 5-ஆம் இடம் பிடித்தது. அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸி அதில் தானும் சேர்ந்து பாடி ஒரு வடிவம் வெளிவந்தது. இவர்கள் எல்லோரிடமும் குரல் ஓர் ஊரில் இருக்கும், தாளம் இன்னோர் ஊரில் இருக்கும். அபாச்சி இந்தியனிடம் குரலே இரண்டு ஊரில் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வேறுபாடு இல்லை.

1995-ல் 'மேக் வே ஃபார் தி இந்தியன்' ஆல்பம் வந்தது. அதன் பிறகும் பாட்டுகள் தொடர்ந்தன, 1993-ன் உயரத்தைப் பிறகு தொடவில்லை. ரஹ்மான் அவரைப் பாட அழைத்தது இந்தக் கட்டத்தில்தான். தமிழில் பாட வைக்க முயலாமல், அவருடைய பேச்சை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றித் தாளம் கட்டினார் ரஹ்மான். அந்த முடிவை இன்றைக்கும் மெச்சுகிறேன். பின்னாளில் பர்மிங்காமில் ஒரு கல்லூரியோடு சேர்ந்து தன் பெயரில் இசைப்பள்ளி தொடங்கினார் ஸ்டீவன் கபூர், அதுவும் ஹேண்ட்ஸ்வொர்த்திலேயே.

சரி, எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? முதலில் 'சோக் தேர்'. அர்த்தம் தேட வேண்டாம், மேசையில் 'தகிட தகிட தக' மட்டும் தட்டிக்கொண்டே கேளுங்கள். தாளம் கைக்கு வந்ததும் 'அரேஞ்ச்ட் மேரேஜ்', இந்த முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. பாட்வாவில் 'ஃபீ' என்றால் ஆங்கில 'ஃபார்' போல '-க்காக', 'மீ' என்றால் 'நான்', 'எனக்கு', 'என்னுடைய' எல்லாமே. இந்த இரண்டு சொல் தெரிந்தாலே பாதி வரிகள் திறந்துகொள்ளும். அப்புறம் 'மூவி ஓவர் இந்தியா'. கடைசியாக 'நோ ப்ராப்ளம்' பாட்டைப் போடுங்கள். 1996-ல் எனக்குப் பிடிபடாமல் போன வரிகள் உங்களுக்குப் பிடிபடும்.